துரைசானிக் கல்லின் அடிப்பக்கம்

என் வீட்டில் என்னைவிட மரியாதையாக நடத்தப்படுவது ஒரு கல். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கப்படுவதற்கு இப்போது நேரமும் இல்லை. என் மனைவி செல்லபாய் கிணற்றடிக்குப் போயிருக்கிறாள். அவள் குடத்தோடு திரும்புவதற்குள் உங்களுக்கு முழுவதையும் எழுதியாக வேண்டும்.

என் பெயர் ரசலையன். ஆதாரம் எழுதுவது தொழில். யாராவது யாருக்காவது காணி விற்றால், வடக்கு எல்லை, தெற்கு எல்லை எல்லாம் போட்டுப் பத்திரம் எழுதிக் கொடுப்பேன். புதுக்கடைச் சுற்றுவட்டாரத்தில் நான் எழுதிய எல்லை இல்லாமல் ஒரு வேலிச் சண்டை நடந்ததில்லை. அப்படிப்பட்டவனுக்குத் தன் சொந்த வீட்டு அடுக்களையில் எல்லை எதுவரை என்று தெரியவில்லை. அதுதான் இந்தக் கதை.

கல்லைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வெள்ளைச் சலவைக்கல். நடுவே சாம்பல் நிறத்தில் மெல்லிய நரம்பு ஓடும். கல்யாணத்துக்கு முன்னால் செல்லபாய் மிஷன் பங்களாவில் துரைசானியம்மாவிடம் லேஸ் பின்னப் படித்தாள். அந்த அம்மா சீமைக்குத் திரும்பிப் போகும்போது, முகம் கழுவுகிற மேசையை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மேசையின் கால்களை அதற்குள் கரையான் தின்றுவிட்டிருந்தது. கல்லைக் கரையானால் தின்ன முடியவில்லை. மேல்பலகையாக இருந்த அந்தக் கல் மட்டும் மாட்டு வண்டியில், மணப்பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கள் வீட்டுக்கு வந்தது. நான் வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தேன்.

இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி, அதன்மேல் கல்லை வைத்து, அடுக்களையில் ஜன்னலோரம் இருத்தினாள். கிறிஸ்மஸ் வந்தால் கைமுறுக்கு சுற்றுவது அதன்மேல். ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் அதைத்தான் காட்டுவாள். எனக்கு மட்டும் சில கட்டளைகள். கல்லில் எதையும் வைக்கக் கூடாது. கல்லில் சாயக் கூடாது. கல்லைத் தொடக் கூடாது. ஏன் என்று கேட்டால், "ஏன் எண்ணு கேக்கப்பிடாது" என்பது அடுத்த கட்டளை. எதனால் துடைப்பது, எப்படி மெழுகு போடுவது என்று துரைசானியம்மா சொல்லிக் கொடுத்ததை எல்லாம் அவள் தனக்குள்ளேயே வைத்திருந்தாள். நானும் படிக்க ஆசைப்படவில்லை.

தொந்தரவு ஆரம்பித்தது ஒரு கிராமபோனால். வடசேரியில் ஒரு கடையில் அதைப் பார்த்தேன். குழல் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. கைப்பிடியைத் திருகினால் பாடுகிறது. போதும் என்றால் நிறுத்திவிடலாம். நிறுத்தக்கூடிய குரல் ஒன்றாவது வீட்டில் இருக்க வேண்டும் என்று அன்றைக்கே எனக்கு ஆசை வந்துவிட்டது.

செல்லபாய்க்கு வேறு ஆசை. பங்களா அடுக்களையில் நின்றுகொண்டே சமைப்பார்களாம். இடுப்பு உயரத்துக்கு மேடை கட்டி, அதன்மேல் அடுப்பு. பக்கத்தில் அவளுடைய கல். இரண்டுக்கும் சேர்த்து எங்களிடம் வழியில்லை. ஒன்றுதான்.

"பாட்டு கேட்டா பசி ஆறுமா?" என்றாள்.

"மேடை கட்டினா மட்டும் பசி ஆறுமா? இப்பளும் நீ சமைக்கத்தானே செய்யுத?"

"குனிஞ்சு குனிஞ்சு எனக்க நடு ஒடியுது. நீங்க ஒரு நாளு அடுப்பு ஊதிப் பாருங்க, அப்ப தெரியும்."

"ஒரு நாளு என்ன, ஒரு மாசம் ஊதுகேன். அடுக்களை வேலை எல்லாம் ஒரு வேலையா?"

இதைச் சொல்லியிருக்க வேண்டாம். வாயிலிருந்து போன பிறகுதான் எனக்கு அது தெரியும். அது என் சுபாவம்.

செல்லபாய் கோபப்படவில்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும். அவளுடைய தங்கை நேசபாய்க்குப் பேறுகாலம். நெய்யூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். துணைக்கு இவள் போக வேண்டும். பெட்டியில் சேலையை மடித்து வைத்துக்கொண்டே சொன்னாள்.

"நான் நெய்யூருக்குப் போயிட்டு வாறது வர அடுக்களையை நீங்க பாத்துக்கிடுங்க. நான் வரும்ப எனக்க கல்லு இப்ப இருக்கது போல இருந்துதுண்ணா, கிராமபோன் வாங்குங்க. நான் வாயே தொறக்க மாட்டேன்."

"செரி. இல்லேண்ணா?"

"ஒரு பொட்டுக் கறை இருந்துதுண்ணாலும் அடுப்பு மேடை. சம்மதமா?"

"சம்மதம்!" என்றேன். அவள் வாயே திறக்க மாட்டாள் என்பதிலேயே பாதி கிராமபோன் கிடைத்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

அவள் போனதும் எனக்குப் பயமும் வெப்ராளமும் பிடித்துக்கொண்டன. கல்லைப் பார்த்தால் கல் என்னைத் திரும்பிப் பார்க்கிறது. தும்மினால் எச்சில் பட்டுவிடுமோ என்று வெளியே ஓடிப்போய்த் தும்மினேன். அடுக்களைக்குள் அடுப்பு மூட்டினால் கரி பறக்குமே என்று, முற்றத்தில் மூன்று கல் கூட்டிச் சோறு வைத்தேன். சோறு வெந்ததா என்று கேட்காதீர்கள். கல் மேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்தேன். துணியில் சாயம் இருக்குமோ என்று எடுத்தேன். தூசி விழுமே என்று மறுபடி விரித்தேன். கடைசியில் துணியே வேண்டாம் என்று சுருட்டி வைத்தேன். பத்திரப் பதிவுக் கச்சேரியில் ஓர் ஆதாரம் எழுதும்போது, தெற்கு எல்லை என்று எழுத வேண்டிய இடத்தில் 'கல்' என்று எழுதிவிட்டேன். நல்லவேளை, அங்கே நிஜமாகவே ஒரு கல் இருந்தது.

என் சோற்றின் கதை பக்கத்து வீட்டு ஞானபாய்க்குத் தெரிந்துவிட்டது. செல்லபாயை அக்கா என்று கூப்பிடுகிறவள். தினமும் மத்தியானம் வேலிக்கு மேலே ஒரு சட்டி மீன் குழம்பு வரும். சட்டியும் அதன் அடியில் ஓலைப் பிரிமணையும். நான் பிரிமணையோடு வாங்கி, பிரிமணையோடு தரையில் வைத்து, கல்லின் பக்கமே பார்க்காமல் சாப்பிட்டுவிடுவேன். ஞானபாயை நான் மனதுக்குள் வாழ்த்தாத நாள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தேன். வேலிக்கு மேலே சட்டி வந்தது. கொதிக்கக் கொதிக்க வந்தது. பிரிமணை இல்லை.

"அண்ணே, சூடு உண்டு, பைய பிடியுங்க" என்று சொல்லிவிட்டு ஞானபாய் போய்விட்டாள்.

தோளில் கிடந்த துண்டால் பிடித்துக்கொண்டு ஓடினேன். துண்டு மெல்லியது. விரல் நுனி வெந்தது. அடுக்களையில் தரையில் வைக்கலாம் என்று குனிந்தால், கீழே பூனை. எங்கள் பூனைக்கு மீன் குழம்பு வரும் நேரம் தெரியும். காலைச் சுற்றி வருகிறது, வாயைத் திறந்து கத்துகிறது. வைத்தால் தலையை உள்ளே விடும். வைக்காவிட்டால் என் கை போகும். இந்தப் பக்கம் பூனை, அந்தப் பக்கம் கல்.

கல்லில் வைத்துவிட்டேன்.

ஒரு நிமிஷம்தான் என்று நினைத்தேன். பூனையைத் துரத்திக்கொண்டு போய் முற்றத்தில் விட்டேன். அந்த நேரம் பார்த்து வாசலில் ஜான்ரோஸ் வந்து நின்றார். சபைப் பாடகர் குழுவில் என்னோடு பாடுகிறவர். மார்த்தாண்டத்தில் யாரோ சொல்லிக் கொடுத்ததைக் கேட்டுவந்து தேனீ வளர்க்கிறார். முகத்தில் எங்காவது ஒரு பக்கம் வீங்கியிருக்கும். அன்று இடது கண்.

"வே ரசலையா, கிராமபோன் வாங்குனா எந்தப் பாட்டு முதல்ல வைக்கப் போறீரு?" என்று கேட்டார்.

இப்படி ஒரு கேள்வி கேட்டால் எந்த மனிதனால் சுருக்கமாகப் பதில் சொல்ல முடியும்? பாட்டைப் பற்றிப் பேசினோம். குழலை எந்த மூலையில் வைப்பது என்று பேசினோம். பேசி முடித்து உள்ளே வந்து சட்டியைத் தூக்கினேன்.

கல்லில் நல்ல வட்டமாக ஒரு வளையம். மஞ்சள், சட்டிக்கரி, எண்ணெய் மூன்றும் சேர்ந்து இழுத்த வளையம். ஈரத்துணியால் துடைத்தேன். கரி போயிற்று. மஞ்சள் இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

"ஜான்ரோஸ்!" என்று கத்தினேன். அவர் ஓடிவந்து பார்த்தார். ஒரு கண்ணால்தான் பார்த்தார்.

"இதுக்கு மருந்து இருக்கு, பயப்படாண்டாம்" என்றார்.

"என்ன மருந்து?"

"தேன்."

"ஓய், கறை போக வழி கேட்டா தேனா சொல்லுதீரு?"

"தேன் இல்லேண்ணா தேன்மெழுகு. கல்லில மெழுகு போட்டா எல்லாம் மூடிப்போவும். ஆனா முதல்ல கறையைத் தேச்சு எடுக்கணும். அது உம்ம வேலை."

எதை வைத்துத் தேய்ப்பது? எனக்கு யோசிக்கவே தேவையிருக்கவில்லை. எங்கள் ஊரில் செம்புக் குடம் கறுத்தால் எதை வைத்துத் தேய்ப்பார்கள்? பித்தளைப் போணி மங்கினால் எதை வைத்துத் தேய்ப்பார்கள்? பால் குடிக்கிற பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். புளி. என் மனைவி வாரந்தோறும் கிணற்றடியில் உட்கார்ந்து புளி போட்டுத் தேய்த்துக் குடத்தைப் பொன்னாக்குவதை நான் பார்த்திருக்கிறேன். செம்பே மினுங்கும்போது கல் மினுங்காதா?

ஒரு பெரிய உருண்டைப் புளியை நனைத்துக் கல்லில் அப்பினேன். தேய்த்தேன். கல் லேசாக நுரைத்தது. அழுக்கு கக்குகிறது என்று சந்தோஷப்பட்டேன். இன்னும் அழுத்தித் தேய்த்தேன். தண்ணீர் விட்டுக் கழுவிப் பார்த்தேன்.

மஞ்சள் வளையம் அப்படியே இருந்தது. அதைச் சுற்றி, நான் புளி தேய்த்த இடமெல்லாம் கல்லின் மினுக்கம் செத்துப்போய் மங்கியிருந்தது. தடவினால் சொரசொரவென்று கையில் பட்டது. முன்பு ஒரு வளையம் இருந்தது. இப்போது வளையத்தைச் சுற்றி ஒரு நாடே இருந்தது.

"மெழுகு கொண்டு வாரும்!" என்று ஜான்ரோஸை விரட்டினேன்.

அவர் கொண்டுவந்த மெழுகை ஒரு கொட்டாங்கச்சியில் உருக்கி, சூட்டோடு கல்லில் ஊற்றித் துணியால் தேய்த்தோம். முதலில் பார்க்க நன்றாகவே இருந்தது. கல் மினுங்கியது. வாசனையும் வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஜான்ரோஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீரு மனுஷன் இல்ல வே" என்றேன். மறுநாள் காலையில் அதையே வேறு அர்த்தத்தில் சொல்ல வேண்டி வந்தது. அவர் மெழுகைத் தேனடையிலிருந்து பிழிந்தவாறே கொண்டுவந்திருக்கிறார். பாதி தேன். வீட்டில் உள்ள எறும்பு, வேலியில் உள்ள எறும்பு, ஞானபாய் வீட்டு எறும்பு எல்லாம் கல்லின்மேல் கூடியிருந்தன. ஆராதனைக்குக்கூட எங்கள் சபையில் அத்தனை கூட்டம் வராது.

அதே நாள், நெய்யூரிலிருந்து வந்த ஒருவர் சொன்னார்: நேசபாய்க்கு ஆண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். செல்லபாய் நாளைக்கே திரும்புகிறாள்.

ஆண்டவரே, எல்லோருக்கும் சுகத்தைக் கொடுத்தீர், எனக்கு மட்டும் ஏன் கொடுக்கவில்லை என்று நின்ற இடத்திலேயே கேட்டேன். அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. கல்லுக்கு ஒரு பக்கம்தானா இருக்கிறது?

"திருப்பிப் போடுவோம்" என்றேன்.

ஜான்ரோஸ் ஒரு முனையைப் பிடித்தார், நான் ஒரு முனையைப் பிடித்தேன். எறும்புகள் எங்கள் கையைப் பிடித்தன. ஆடி அசைந்து, செங்கல்லை இடித்து, ஒருவழியாக நிமிர்த்திப் புரட்டிப் போட்டோம். அடிப்பக்கமும் நல்ல வழுவழுப்பான கல்தான். தூசியைத் துடைத்தேன்.

துடைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

அங்கேயும் ஒரு வட்டம். பழைய மஞ்சள், மங்கிப்போன மஞ்சள். அதைச் சுற்றி, மினுக்கம் செத்த, சொரசொரவென்ற ஒரு நாடு. நான் போட்ட நாட்டைவிடப் பெரிய நாடு.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"வே ரசலையா, உம்ம வீட்டுக்காரி நமக்கெல்லாம் மூத்தவ வே" என்றார் ஜான்ரோஸ்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கல்யாணம் முடிந்த புதிதில் அவளும் எதையோ சூட்டோடு வைத்திருக்கிறாள். அவளும் புளி போட்டுத் தேய்த்திருக்கிறாள். அவளும் புரட்டிப் போட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு இத்தனை வருஷம், இரண்டாவது பக்கத்தை என்னிடமிருந்து காப்பாற்றிக்கொண்டு, தொடாதே, வைக்காதே, சாயாதே என்று என்னை ஆட்டி வைத்திருக்கிறாள்!

இப்போது கேள்வி, எந்தப் பக்கத்தை மேலே வைப்பது. ஆதாரம் எழுதுகிறவனின் மூளை அப்போதுதான் வேலை செய்தது. என் கறையை மேலே வைத்தால் நான் குற்றவாளி. அவள் கறையை மேலே வைத்தால்? அது அவளுடைய கறை. 'இது என்ன?' என்று அவளால் கேட்கவே முடியாது. கேட்டால், 'நீ வைத்ததுதானே' என்பேன். பேச்சற்றுப் போவாள். பந்தயத்தில் என் பக்கம் ஜெயம். கிராமபோன் வந்துவிடும். எறும்புகளோடு என் கறையைக் கீழேயே விட்டு, அவள் கறையைச் சுத்தமாகத் துடைத்து மேலே வைத்தேன். அதற்குமேல் ஒரு சொட்டு மெழுகும் போடவில்லை. அவள் கறை நன்றாகவே தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

இருந்தாலும் அன்று ராத்திரி இரண்டு தடவை விளக்கோடு எழுந்துபோய், எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தேன். ஜெயிக்கப் போகிறவனுக்கு ஏன் தூக்கம் வரவில்லை என்று எனக்கே புரியவில்லை.

மறுநாள் வண்டிச் சத்தம் கேட்டது. செல்லபாய் இறங்கினாள். குழந்தைக்கு நேசபாயின் மூக்கு என்றாள். எனக்குக் காது கேட்கவில்லை. பெட்டியை வைத்துவிட்டு நேராக அடுக்களைக்குள் போனாள். நான் ஒரு பழைய ஆதாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். தலைகீழாகப் பிடித்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

"இஞ்ச வாங்க" என்றாள்.

போனேன்.

"இது என்னவாக்கும்?"

"கறை" என்றேன். கம்பீரமாகத்தான் சொன்னேன்.

"ஆரு வச்ச கறை?"

"அதை நீ சொல்லு."

"நானா? நான் நெய்யூரில்லா இருந்தேன்."

"இது புதுக் கறை இல்ல செல்லபாயி. நல்லாப் பாரு. பழசாக்கும். கல்யாணம் கழிஞ்ச புதுசில ஆரோ ஒருத்தி சூட்டோட எதையோ வச்சு, புளியைப் போட்டுத் தேச்சிருக்கா. நான் பேரு சொல்லல்ல."

அவள் முகம் சிவந்தது. அடடா, அந்த ஒரு கணம்! அந்தக் கணத்தில் என் காதில் கிராமபோன் பாடியது.

"அப்பிடியா?" என்றாள் மெதுவாக. "பழசுண்ணா, நான் நெய்யூருக்குப் போவும்ப இது எங்க இருந்துது? அண்ணைக்கு நீங்களும் பாத்தீயளே, கல்லு வெள்ளையால்லா இருந்துது?"

"அப்ப அடியில இருந்துது!" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது. அது என் சுபாவம் என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன்.

"ஓஹோ. அடியில இருந்தது மேல எப்பிடி வந்துது? கல்லு தானா பெறண்டுதா?"

"அது வந்து..."

"பூனை பெறட்டிச்சா?"

"இல்ல..."

"நல்லா இருந்த கல்லை என்னத்துக்குப் பெறட்டுனிய?"

இதற்கு ஒரு பதில்தான் உண்டு. அதை நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவள் ஜன்னல் வழியாக, "ஏட்டி ஞானபாயி!" என்று கூப்பிட்டாள். ஞானபாய் அங்கேயே காத்துக்கொண்டிருந்தவள் போல உடனே வந்தாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். ஓர் அசைவு, ஒரு புரட்டு. செங்கல்லில்கூட இடிக்கவில்லை. அந்தக் கைகள் இதற்கு முன்பும் அந்தக் கல்லைப் புரட்டிய கைகள் என்று எனக்கு அப்போதே விளங்கியது.

என் வளையம் மேலே வந்தது. எறும்புகளும் வந்தன.

செல்லபாய் ஒரு விரலால் தடவிப் பார்த்தாள். அதுவரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த முகம் மாறிவிட்டது.

"அய்யோ, புளியா போட்டிய?" என்று நிஜமாகவே கத்தினாள். "கொழம்பு மஞ்ச ரெண்டு வெயிலு கண்டா தானே போயிருமே! புளி கல்லைத் தின்னுமே! இனி ஆரு மாத்துவா?"

என் மனம் துள்ளியது. ஆதாரம் எழுதுகிறவன் ஒரு சொல்லைக்கூட விட மாட்டான்.

"நில்லு! கொழம்பு எண்ணு உனக்கு எப்பிடித் தெரியும்? நான் சொன்னேனா? நீ நெய்யூரில்லா இருந்த?"

பிடித்துவிட்டேன்! நெஞ்சை நிமிர்த்தினேன். அப்போது ஞானபாய், பாவம், கள்ளங்கபடமில்லாமல் சொன்னாள்.

"அக்கா தானே அண்ணே, போவும்ப எனக்கிட்ட சொல்லிட்டுப் போனாவ. அண்ணன் பட்டினி கிடக்கப்பிடாது, நாளும் கொழம்பு குடு, ஞாயித்துக்கிழமை மட்டும் கொதிக்கக் கொதிக்கக் குடு, பிரிமணை வைக்காண்டாம் எண்ணு."

நான் செல்லபாயைப் பார்த்தேன். அவள் கல்லைப் பார்த்தாள்.

"ஒரு மஞ்ச வட்டத்துக்குத்தான் நான் கணக்குப் பண்ணுனேன்" என்றாள். "வெயிலில வச்சு மாத்திருவேன். உங்களுக்குள்ள இவ்வளவு கெட்டிக்காரத்தனம் இருக்கும் எண்ணு எனக்குத் தெரியாமப் போச்சு."

அவள் குரலில் நிஜமான துக்கம் இருந்தது. அதைக் கேட்டபோது எனக்கும் துக்கமாகிவிட்டது. ஏமாற்றப்பட்டவன் நான். மன்னிப்புக் கேட்டவனும் நானேதான்.

பிறகு என்ன? கொத்தனார் வந்தார். அடுக்களையில் இடுப்பு உயரத்துக்கு மேடை எழும்பியது. கல்லை ஈரத்துணி போட்டு முற்றத்து வெயிலில் வைத்தாள். அவள் சொன்னது போலவே மஞ்சள் போய்விட்டது. புளி தின்ற இடம் மட்டும் மங்கலாக நின்றது. ஜான்ரோஸின் மெழுகை வெந்நீரில் உருக்கி, துணியில் அரித்து, தேனெல்லாம் தண்ணீரோடு போகவிட்டு, ஆறின மெழுகை மெல்லிசாகக் கல்லில் தேய்க்க வேண்டும் என்று அப்போதுதான் எனக்குச் சொல்லித் தந்தாள். தேய்த்தவன் நான். தோள்பட்டை கழன்றது. தண்ணீர் விட்டால் முத்து முத்தாக நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து, நிற்கவில்லை என்று மறுபடியும் தேய்க்கச் சொன்னாள். எறும்பு ஒன்றுகூட வரவில்லை.

கல்லை மேடையில் பதிக்கிற அன்று நான் பக்கத்தில் நின்றேன். எந்தப் பக்கம் மேலே என்று கொத்தனார் கேட்டார். செல்லபாய் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. என் கறை மேலே. அவளுடைய கறை கீழே, சுண்ணாம்புச் சாந்துக்குள், இனி எந்தக் கடப்பாரை வந்தாலும் வெளியே வராதபடி. எல்லையை எப்படி எழுத வேண்டும் என்று அந்தப் பெண் எனக்குக் கற்றுக் கொடுத்தாள். இப்போது சபைப் பெண்கள் கூட்டமாக வந்து மேடையைப் பார்க்கிறார்கள். "இது என்ன மங்கலா இருக்கு?" என்று கேட்கிறார்கள். "எங்க வீட்டுல அவிய அடுக்களை பாத்தாவ" என்று மட்டும் சொல்கிறாள். அவர்கள் திரும்பி என்னைப் பார்க்கிறார்கள்.

இதோ, குடத்தோடு வந்துவிட்டாள். மேடைக்கு முன்னால் முதுகு நிமிர்ந்து நிற்கிறாள். அடுப்பில் உலை கொதிக்கிறது. வாயில் ஒரு கீர்த்தனை. முகத்தில் நல்ல தெளிச்சல். கேட்பதானால் இப்போதுதான் கேட்க வேண்டும். எழுதுவதை நிறுத்தாமலே கேட்டுவிட்டேன்.

"செல்லபாயி, மேடை ஆச்சு. நீயும் சந்தோஷமா இருக்க. அடுத்த வருஷமாவது அந்தக் கிராமபோனு..."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கல்லை ஒரு துணியால் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"வாங்கலாமே. இந்தக் கல்லுக்கு மூணாவது பக்கம் ஒண்ணு கண்டுபிடியுங்க, அண்ணைக்கே வாங்கலாம்."